கர்ப்பகால பிரஷருக்கு ஆன்டிஆக்சிடன்ட் பொடி கொடுக்கலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேரளாவில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மனைவிக்கு முதல் கர்ப்பம், 29 வாரம். போன வாரம் பிரஷர் 144/94 இருந்திருக்கிறது. சில மணி நேரம் உட்கார வைத்து மறுபடி பார்த்தபோதும் 142/92. சிறுநீரில் ஆல்புமின் ஒரு பிளஸ். ஆஸ்பிரினும் கால்சியமும் முன்பே ஓடிக்கொண்டிருக்கின்றன. டாக்டர் இப்போது பிரஷரை இறக்கும் லேபெட்டலால் மாத்திரையும் சேர்த்திருக்கிறார். இதற்கிடையில் சொந்தக்காரர் ஒருவர், "இந்த வியாதிக்குக் காரணமே ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்தான். விட்டமின் சி, ஈ கலந்த இந்தப் பொடியைக் கொடுத்தால் பிரஷர் தானாக இறங்கும். ஆஸ்பிரினை நிறுத்து, குழந்தைக்கு ஆகாது" என்று ஒரு டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மாமியார் உப்பில்லாத கஞ்சி வைக்கிறார். வளைகாப்பு முடிந்ததும் பொள்ளாச்சிக்கு, அம்மா வீட்டுக்கு அழைத்துப்போகவும் பேச்சு நடக்கிறது. என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

தம்பி, உங்கள் சொந்தக்காரர் சொன்னதில் முதல் வரியில் உண்மை இருக்கிறது. இரண்டாவது வரியை உலகம் முழுக்கப் பல ஆயிரம் கர்ப்பிணிகளிடம் சோதித்துப் பார்த்தாயிற்று, பலிக்கவில்லை. மூன்றாவது வரி ஆபத்து. தமிழ்நாடு–கேரள எல்லையின் இரண்டு பக்கமும் பிரசவ வார்டில் வேலை பார்த்தவள் என்ற முறையில் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

நாம் இழுக்கும் மூச்சிலுள்ள ஆக்சிஜனை வைத்துத்தான் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா சக்தி தயாரிக்கிறது. அந்த வேலை நடக்கும்போது கொஞ்சம் ஆக்சிஜன் முழுதாக நீராக மாறாமல், சூப்பராக்சைடு என்ற துடுக்கான வடிவத்தில் வெளியே வந்துவிடும். பக்கத்தில் கொழுப்பு, புரதம், மரபணு எது இருந்தாலும் அதைத் தாக்கும். இதை அடக்குவதற்கென்றே உடம்பு சில நொதிகளை வைத்திருக்கிறது. சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ் என்று அவற்றுக்குப் பெயர்கள் உண்டு. குளூட்டாதயோன் என்ற சின்ன மூலக்கூறும் கூட நிற்கும். உற்பத்தி கூடி, அடக்கும் பலம் போதாமல் போகும் நிலைதான் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். எல்லாக் கர்ப்பத்திலும் இது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும், ஏனென்றால் நஞ்சு (நஞ்சுக்கொடி, பிளாசென்டா) என்பது ஓயாமல் வேலை செய்யும் உறுப்பு. பிரஷர் வியாதி வரும் கர்ப்பத்தில் அளவு மீறிப்போகிறது.

ஏன் மீறுகிறது என்பதற்கு விடை கர்ப்பத்தின் முதல் பாதியில் இருக்கிறது. கர்ப்பப்பையின் சுவரில் சுருள் சுருளாகச் சுமார் 100 சின்னத் தமனிகள் உண்டு. முதல் பத்து வாரம் குழந்தை குறைந்த ஆக்சிஜனில்தான் வளர்கிறது. நஞ்சின் செல்கள் அந்தத் தமனிகளின் வாயை அடைத்துக்கொண்டு நிற்கும். உருவாகிக்கொண்டிருக்கும் உறுப்புகளுக்கு அது ஒரு பாதுகாப்பு. 10 முதல் 12 வாரத்துக்குள் அடைப்பு விலகி ரத்தம் பாயத் தொடங்கும்போது அங்கே ஆக்சிஜன் ஏறக்குறைய மூன்று மடங்காகும். அதே செல்கள் தமனிக்குள் இன்னும் ஆழமாகப் போய், சுவரிலுள்ள தசையைக் கரைத்து, வாயை அகலமாக்கிவிடும். 20 வாரம் வாக்கில் இந்த வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். அதன் பிறகு ரத்தம் மெதுவாக, நிறைய வரும்.

சிலருக்கு இந்த வேலை அரைகுறையாக நின்றுவிடுகிறது. தமனி குறுகலாகவே இருக்கும். தசையும் அப்படியே இருப்பதால் அவ்வப்போது சுருங்கவும் செய்யும். தென்னைக்குத் தண்ணீர் விடும் ஓஸின் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால் தண்ணீர் எப்படிப் பீய்ச்சி அடிக்கும், அப்படித்தான் ரத்தம் நஞ்சின் மேல் அடிக்கிறது. அந்த வேகம் நஞ்சின் மெல்லிய கிளைகளைச் சிதைக்கிறது. தமனி சுருங்கும்போது ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கிறது, விரியும்போது திடீரென்று கொட்டுகிறது. மாரடைப்பில் அடைப்பை எடுத்துவிட்ட பிறகு இதயத் தசைக்கு நேரும் சேதமும் இதே வகைதான். இப்படி இல்லாமையும் திடீர் வரவும் மாறி மாறி வரும் இடத்தில்தான் சூப்பராக்சைடு கொத்துக் கொத்தாக உண்டாகும்.

இது நஞ்சோடு நிற்பதில்லை. அடிபட்ட நஞ்சு தன் சிதறல்களையும் சில புரதங்களையும் அம்மாவின் ரத்தத்தில் கொட்டுகிறது. அவற்றில் முக்கியமான ஒன்று எஸ்-எஃப்.எல்.டி-1. ரத்தக் குழாயின் உள்பூச்சு ஆரோக்கியமாக இருக்கத் தேவையான வளர்ச்சிக் காரணிகளை இது பிடித்து வைத்துக்கொண்டு வேலை செய்ய விடாது. 2003-இல் இதை வெளியே கொண்டுவந்த குழுவின் தலைவர் ஆனந்த் கருமாஞ்சி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு பாஸ்டன் போனவர். நம் ஊர் மெடிக்கல் காலேஜ் பிள்ளைகள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள், சொல்லட்டும்.

இன்னொரு பக்கம், ரத்தக் குழாயைத் தளர்வாக வைத்திருப்பது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு. சூப்பராக்சைடு அதைப் பிடித்துத் தின்றுவிடும். இரண்டும் சேர்ந்து பெராக்சிநைட்ரைட் என்ற இன்னும் மோசமான பொருளாகிவிடும். அங்கே இரண்டு நஷ்டம்: தளர்த்துவது போயிற்று, தாக்குவது வந்தது. குழாய்கள் இறுகிப் பிரஷர் ஏறுகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டியில் உள்பூச்சு வீங்கிப் புரதம் ஒழுகுகிறது, அதுதான் உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் ஆல்புமின் ஒரு பிளஸ். இதே கதை கல்லீரலில் நடந்தால் மேல் வயிற்று வலி, மூளையில் நடந்தால் தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, கடைசியில் வலிப்பு. பழைய ஆட்கள் ஜன்னி என்பார்கள்.

சரி, அப்படியானால் ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்தால் சரியாகிவிட வேண்டியதுதானே? டாக்டர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். 1999-இல் லண்டனில் ஆபத்து அதிகமுள்ள 283 பெண்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு விட்டமின் சி 1000 மி.கி., விட்டமின் ஈ 400 யூனிட் தினமும் கொடுத்தார்கள். மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 17 சதவீதம் பேருக்கு ப்ரீ-எக்லாம்ப்சியா (கர்ப்பகால பிரஷரோடு சிறுநீரில் புரதம் போவதோ உறுப்புகள் பாதிக்கப்படுவதோ சேர்ந்த நிலை) வந்தது, விட்டமின் சாப்பிட்டவர்களில் 8 சதவீதம். பாதியாகக் குறைந்துவிட்டது! அந்தக் காலத்தில் எங்கள் மத்தியிலும் பெரிய உற்சாகம். உங்கள் டப்பாவின் பின்புறத்தில் எழுதியிருப்பதன் மூலமும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அதே லண்டன் குழு பெரிய அளவில் மறுபடி செய்து 2006-இல் வெளியிட்டது. இம்முறை 2,400 பெண்கள், அதே அளவு விட்டமின். வியாதி குறையவே இல்லை, இரண்டு பக்கமும் 15, 16 சதவீதம். அது மட்டும் என்றால் பரவாயில்லை. விட்டமின் சாப்பிட்டவர்களுக்கு எடை குறைந்த குழந்தைகள் கூடுதலாகப் பிறந்தன, 24-க்கு 28 சதவீதம். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் 1,877 பேர், பலன் இல்லை. 2009-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு, இந்தியா, பெரு, தென்னாப்பிரிக்கா, வியட்நாம். சாப்பாட்டில் சத்துக் குறைவான பெண்களுக்காவது உதவுமா என்று பார்த்தார்கள், உதவவில்லை. 2010-இல் அமெரிக்காவில் கிட்டத்தட்ட 10,000 பேர், அதே கதை. 2011-இல் உலக சுகாதார நிறுவனம், இந்த வியாதியைத் தடுக்க சி, ஈ விட்டமின்களைத் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்று எழுதியே வைத்துவிட்டது.

ஏன் பலிக்கவில்லை? காலம் ஒரு காரணம். தமனி அகலமாகும் வேலை 12 முதல் 20 வாரத்துக்குள் கோணலாகிவிட்டது. ஆய்வுகளில் விட்டமின் தொடங்கியதே பெரும்பாலும் அந்த நேரத்தில் அல்லது அதற்குப் பிறகு. உங்கள் மனைவி 29 வாரத்தில் இருக்கிறார். இடம் இன்னொரு காரணம். சூப்பராக்சைடு உண்டாவது மைட்டோகாண்ட்ரியாவுக்குள். வாயில் போட்ட விட்டமின் வயிறு, ரத்தம் எல்லாம் கடந்து அந்த இடத்துக்குத் தேவையான அளவில் போய்ச் சேருவதில்லை. சூப்பராக்சைடு நைட்ரிக் ஆக்சைடைப் பிடிக்கும் வேகத்துக்கு முன்னால் விட்டமின் சி நிற்கவும் முடியாது. அப்புறம், இந்த ஆக்சிஜன் துணுக்குகள் முழுக்க எதிரிகளும் இல்லை. செல்களுக்குள் செய்தி சொல்லும் வேலையையும் அவை செய்கின்றன. எல்லாவற்றையும் துடைத்தெறிவது நல்லதா என்றே சந்தேகம். விட்டமினை விட்டுவிட்டு என்-அசிட்டைல் சிஸ்டீன் என்ற வேறொரு ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்துப் பார்த்தார்கள், ஈசோமெப்ரசோல் என்ற அசிடிட்டி மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். நிற்கும்படியான பலன் ஒன்றிலும் வரவில்லை. வியாதியின் வழியில் ஒரு பொருள் இருக்கிறது என்பதற்காக அதைக் குறைத்தால் வியாதி போய்விடும் என்று முடிவு கட்ட முடியாது. பொடி விற்பவர்கள் தாண்டிக் குதிப்பது இந்த ஒரு படியைத்தான்.

நெல்லிக்காய், கொய்யா, முருங்கைக்கீரை, மத்தி மீன் எல்லாம் தாராளமாகச் சாப்பிடட்டும். அது சாப்பாடு. டாக்டர் எழுதிய இரும்பு, ஃபோலிக் மாத்திரையையும் விட வேண்டாம். "இரும்பு ஆக்சிடேஷனைக் கூட்டும்" என்று அடுத்து யாராவது வருவார்கள். ரத்தசோகையோடு பிரசவ மேசையில் படுப்பது அதைவிடப் பல மடங்கு மோசம்.

பொடியைப் பற்றி இன்னொன்று. மூலிகை கலந்தது என்றால் டப்பாவில் அதிமதுரம் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பக்கத்துக் கடையில் வாங்கியதாக இருந்தால் மலையாளத்தில் இரட்டிமதுரம் என்று போட்டிருக்கும். அதிமதுரம் சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை இறக்கி பிரஷரை ஏற்றும். இது வதந்தி கிடையாது, மருந்தியல் பாடத்தில் உள்ளது. தொண்டைக்கு ஒரு நாள் சப்புவதில் ஒன்றுமில்லை, தினமும் கஷாயமாகவோ லேகியமாகவோ உள்ளே போனால்தான் வம்பு. நம் எல்லைப்பக்கம் கர்ப்பிணிக்குப் பால் கஷாயம், பிரசவித்தவளுக்கு தசமூலாரிஷ்டம் என்று இரண்டு மாநிலத்து வைத்தியமும் ஒரே வீட்டில் நடக்கும். எது உள்ளே போகிறது என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள், டப்பாவையே எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

ஆஸ்பிரினுக்கு வருகிறேன். இந்த வியாதியைத் தடுப்பதில் நிரூபணமான மாத்திரை இதுதான். 2017-இல் வந்த ஆய்வில், ஆபத்து அதிகம் என்று கண்டுபிடித்த 1,776 பெண்களுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36 வாரம் வரை இரவில் 150 மி.கி. ஆஸ்பிரின் அல்லது வெறும் மாத்திரை கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன்பே பிரசவிக்க வைக்கும் அளவுக்கு வந்த ப்ரீ-எக்லாம்ப்சியா 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆகக் குறைந்தது. ஆஸ்பிரின் சாப்பிட்டும் உங்கள் மனைவிக்கு பிரஷர் வந்துவிட்டதே என்று கேட்கலாம். சிலருக்குத் தடுக்கும், சிலருக்குத் தள்ளிப்போடும், சிலருக்கு இரண்டும் நடக்காது. நிறுத்துவதை டாக்டர் சொல்லட்டும், வழக்கமாக 36 வாரம் வாக்கில் சொல்வார். சொந்தக்காரர் சொல்ல வேண்டாம்.

கால்சியம் அடுத்தது. சாப்பாட்டில் கால்சியம் குறைவாக உள்ள நம்மைப் போன்ற நாடுகளில் இது வியாதியைக் குறைக்கிறது. முன்பு ஒரு நாளைக்கு 1,500 மி.கி.க்கு மேல் வேண்டும் என்பார்கள். பெங்களூரிலும் தான்சானியாவிலும் நடந்த ஆய்வு 2024-இல் வெளியானது, 500 மி.கி.யே அதற்கு ஈடாக நின்றது. உங்கள் டாக்டர் எழுதிய அளவு எதுவோ அதைச் சாப்பிடட்டும். இரும்பு மாத்திரையோடு சேர்த்து விழுங்க வேண்டாம், ஒன்றை ஒன்று உறிஞ்ச விடாது. சாப்பாட்டோடு கால்சியம், இரவு படுக்கும் முன் இரும்பு என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

லேபெட்டலால் பயமில்லாத மருந்து. நிஃபெடிபினும் மெத்தில்டோப்பாவும் அப்படியே. நாக்பூரில் இரண்டு அரசு ஆஸ்பத்திரிகளில் 894 பெண்களிடம் இந்த மூன்றையும் வாய்வழி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019-இல் வந்தது. கடுமையான பிரஷரைக்கூட மாத்திரையால் இறக்க முடியும் என்று அது காட்டியது. பயப்பட வேண்டியது வேறு மாத்திரைகளுக்கு. வீட்டில் மாமனாருக்கோ மாமியாருக்கோ பிரஷர் மாத்திரை இருக்கும். எனாலாப்ரில், ராமிப்ரில், டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான் என்று பெயர் போட்டிருக்கும். "இதுவும் பிரஷர் மாத்திரைதானே" என்று அதில் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். வயிற்றிலுள்ள குழந்தையின் சிறுநீரகத்தையே கெடுக்கும்.

உப்பில்லாத கஞ்சியை நிறுத்தச் சொல்லுங்கள், மாமியார் மனம் நோகாமல். இந்த வியாதியில் கால் வீங்கியிருக்கும், முகம் ஊதியிருக்கும், ஆனால் ரத்தக் குழாய்க்குள் ஓடும் நீரின் அளவு உண்மையில் குறைந்துதான் இருக்கும். குழாய்ச் சுவர் ஒழுகுவதால் நீர் வெளியே போய்த் தேங்கி நிற்கிறது, அவ்வளவுதான். அதனால் உப்பை அடியோடு வெட்டுவதோ, நீரைப் பிரிய வைக்க நீர்முள்ளிக் கஷாயம் வைப்பதோ நஞ்சுக்குப் போகும் ரத்தத்தை இன்னும் குறைக்க வழியுண்டு. வீட்டுச் சமையலில் வழக்கமாகப் போடும் உப்பு இருக்கட்டும். ஊறுகாயும் உப்பிலிட்ட மாங்காயும் கைநிறைய வேண்டாம். பார்லித் தண்ணீர் குடித்தால் குடிக்கட்டும், தப்பில்லை, மருந்து என்று மட்டும் நினைக்க வேண்டாம். நாள் முழுக்கப் படுத்தே இருக்க வேண்டும் என்றும் இல்லை. படுத்துக் கிடந்தால் பிரஷர் இறங்காது, காலில் ரத்தம் கட்டும் ஆபத்துதான் கூடும்.

இப்போது செய்ய வேண்டியது. ஒரு பிளஸ் ஆல்புமினை அப்படியே விடக்கூடாது. சிறுநீரில் புரதம்–கிரியேட்டினின் விகிதம் பார்க்கச் சொல்லுங்கள், 0.3-க்கு மேல் என்றால் இது வெறும் கர்ப்பகால பிரஷர் இல்லை, ப்ரீ-எக்லாம்ப்சியா. அதோடு பிளேட்லெட், கல்லீரல் நொதிகள், கிரியேட்டினின். பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே போனாலோ, நொதிகள் இரட்டிப்பானாலோ, கிரியேட்டினின் 1.1-ஐத் தாண்டினாலோ பிரஷர் எவ்வளவு இருந்தாலும் வியாதி முற்றிவிட்டது என்று பொருள். குழந்தை வளர்கிறதா, தொப்புள்கொடியில் ரத்த ஓட்டம் எப்படி என்று டாப்ளர் ஸ்கேன். வசதி இருந்தால் நான் முன்பு சொன்ன எஸ்-எஃப்.எல்.டி-1 புரதத்துக்கும் பி.எல்.ஜி.எஃப் என்ற இன்னொன்றுக்கும் உள்ள விகிதத்தைத் தனியார் லேபில் பார்க்கலாம், விலை கூடுதல். 38-க்குக் கீழ் இருந்தால் அடுத்த ஒரு வாரத்துக்கு ப்ரீ-எக்லாம்ப்சியா வருவது மிக அரிது. பொடிக்குச் செலவழிக்கும் பணத்தை இதற்கு வைத்துக்கொள்ளலாம், அல்லது நல்ல பிரஷர் மெஷினுக்கு.

மெஷின் வாங்கினால் மேல்கையில் கட்டுவதாக வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். கை பருமனாக இருந்தால் பெரிய கஃப் கேட்டு வாங்குங்கள், சின்னது கட்டினால் பிரஷரைக் கூட்டிக் காட்டும். சாய்மானம் உள்ள நாற்காலி, கால் இரண்டும் தரையில், ஐந்து நிமிடம் பேச்சில்லாமல், கை நெஞ்சு மட்டத்தில். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை, ஒரு நோட்டில் எழுத வேண்டும். முதல் தடவை மெஷினை டாக்டரிடம் கொண்டுபோய் அவர் பார்ப்பதோடு ஒத்துப் பாருங்கள். மாத்திரை சாப்பிட்டும் 140/90-க்கு மேலேயே நின்றால் போன். 160/110 வந்தால் 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, அப்படியே இருந்தால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும், இரவு என்றாலும்.

எண் சரியாக இருந்தும் கிளம்ப வேண்டிய நேரங்கள் உண்டு. விடாத தலைவலி, கண் முன்னால் மின்னுவது, சிறுநீர் குறைவது, மூச்சு முட்டுவது, குழந்தை அசைவு குறைவது. இதில் நான் அதிகம் பயப்படுவது மேல் வயிற்று வலிக்கு. வேலந்தாவளம் பக்கத்துப் பெண் ஒருத்தி, எட்டு மாதம், நெஞ்சுக்குக் கீழே வலிக்கிறது என்று சொல்ல, வீட்டில் வாயு என்று ஓமத் தண்ணீர், மருந்துக்கடையில் வெள்ளை மருந்து, ராத்திரி முழுக்க அதிலேயே போய்விட்டது. காலையில் வார்டுக்கு வந்தபோது வலது விலாவுக்குக் கீழே விரல் வைத்ததுமே துள்ளினாள். பிளேட்லெட் பாதாளத்தில், கல்லீரல் நொதி பல மடங்கு. வாயு வலி என்று கர்ப்பிணி சொன்னால் முதலில் பிரஷர் பார்க்க வேண்டும் என்பதை அன்று பணியிலிருந்த பயிற்சி நர்ஸ் பிள்ளைகள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். அம்மாவும் குழந்தையும் பிழைத்தார்கள்.

அவளுக்கு அன்று போட்டது மெக்னீசியம் சல்ஃபேட். மிக மலிவான ஊசி. 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடந்து 2002-இல் வெளிவந்த ஆய்வில், வலிப்பு வரும் வாய்ப்பை இது பாதிக்கும் மேல் குறைத்தது. நரம்பில் 4 கிராம், இரண்டு பிட்டத்திலும் 5, 5 கிராம், பிறகு நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை 5 கிராம். பிட்டத்து ஊசி நன்றாக வலிக்கும், உடம்பு முழுக்கச் சூடு பரவும், முன்பே சொல்லிவிட்டால் பயப்பட மாட்டார்கள். ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் நர்ஸ் வந்து முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டுவார், மூச்சை எண்ணுவார், சிறுநீர்ப் பையைப் பார்ப்பார். கால் துள்ளினால்தான் அடுத்த ஊசி. துள்ளவில்லை என்றால் மெக்னீசியம் கூடிவிட்டது என்று பொருள், மாற்று மருந்தான கால்சியம் குளூக்கோனேட் பக்கத்துத் தட்டிலேயே இருக்கும்.

கடைசி வைத்தியம் பிரசவம்தான். வியாதியின் ஊற்று நஞ்சு, அது வெளியே வந்தால்தான் ஓயும். கடுமை இல்லாத ப்ரீ-எக்லாம்ப்சியா என்றால் 37 வாரத்தில் பிரசவம் பார்ப்பார்கள், கடுமை என்றால் 34 வாரம் தாண்டியதும், அம்மாவுக்கோ குழந்தைக்கோ ஆபத்து என்றால் அதற்கும் முன்பே. முன்பே நடக்கும் என்று தெரிந்தால் குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சியடைய அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். "ஸ்டீராய்டா!" என்று பதற வேண்டாம், அது குழந்தையின் உயிரைக் காக்கும் ஊசி.

இனி பொள்ளாச்சி. போகலாமா என்றால், போகும் இடத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 29 வாரத்தில் பிரஷர் வந்த பெண்ணுக்குப் பிரசவம் எந்த வாரத்திலும் வரலாம். பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு, ரத்த வங்கி, 24 மணி நேரமும் மயக்க டாக்டர், இந்த மூன்றும் இருக்கும் ஆஸ்பத்திரியை இப்போதே முடிவு செய்யுங்கள். அது பாலக்காடாக இருந்தாலும் சரி, கோவையாக இருந்தாலும் சரி. சின்னக் குழந்தையை ஆம்புலன்ஸில் கொண்டுபோவதைவிட வயிற்றில் வைத்துக் கொண்டுபோவது நல்லது. புள்ளிவிவரத்தை வைத்து மாநிலச் சண்டை போடுகிறவர்கள் உண்டு. 2018–20 கணக்கில் ஒரு லட்சம் பிரசவத்துக்குத் தாய் இறப்பு கேரளாவில் 19, தமிழ்நாட்டில் 54. கேரளாவின் மகப்பேறு டாக்டர்கள் சங்கம் 2004 முதல் ஒவ்வொரு தாயின் இறப்பையும், யார் மேலும் குற்றம் சுமத்தாமல், ஏன் நடந்தது என்று அலசிப் பார்த்து வருகிறது. அவர்களின் முதல் அறிக்கையில் ரத்தப்போக்குக்கு அடுத்த காரணம் இந்த பிரஷர் வியாதிதான். ஆனால் உங்கள் வீட்டுக்கு அந்த எண்கள் முடிவு சொல்லாது, மேலே சொன்ன மூன்று வசதிகள்தான் சொல்லும்.

எல்லை தாண்டுவதில் நான் பார்க்கும் நிஜமான கோளாறு, இடைவெளி. இங்கே கேரளாவில் ஆஷா பணியாளரும் ஜே.பி.எச்.என்னும் (பொது சுகாதார நர்ஸ்) "அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்" என்று நோட்டில் குறித்துவிடுவார்கள். அங்கே தமிழ்நாட்டில் வி.எச்.என்னுக்கு (கிராம சுகாதார நர்ஸ்) அவள் வந்ததே தெரியாது. நடுவில் மூன்று வாரம் யாரும் பிரஷர் பார்த்திருக்க மாட்டார்கள். வளைகாப்பு நடக்கட்டும், வளையல் போடட்டும். மறுநாளே அங்குள்ள வி.எச்.என்னைப் பார்த்து பிக்மி எண்ணுக்கு (தமிழ்நாடு அரசின் கர்ப்பப் பதிவு எண்) பதிந்துவிடுங்கள், தமிழ்நாட்டில் பிரசவமானால் பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்பார்கள். இங்குள்ள அட்டை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து இரண்டு போனில் வைத்துக்கொள்ளுங்கள். 20 வாரத்துக்கு முன் இருந்த பிரஷர் அளவு அதில் கட்டாயம் இருக்கட்டும். அது இருந்தால்தான் பழைய பிரஷரா, கர்ப்பத்தால் வந்ததா என்று புது டாக்டருக்குத் தெரியும். 108 இரண்டு பக்கமும் உண்டு, ஆனால் மீனாட்சிபுரம், கோபாலபுரம் மாதிரி இடத்தில் மறுபக்க டவர் பிடித்தால் அழைப்பும் மறுபக்கம் போகலாம். எந்த ஊர், எந்த மாநிலம் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். தெரிந்த ஒரு ஜீப்காரர், கார்காரர் நம்பரும் கையில் இருக்கட்டும்.

பிரசவம் ஆனதும் எல்லோரும் குழந்தையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அங்கேதான் இன்னொரு பள்ளம். பிரஷர் மூன்றாவது நாளிலிருந்து ஆறாவது நாளுக்குள் மறுபடி உச்சத்துக்குப் போகும், வலிப்பும் அப்போது வரலாம். அந்த நாட்களில் அவர் வீட்டில், பத்தியச் சாப்பாட்டோடு இருப்பார், மெஷின் பெட்டிக்குள் இருக்கும். வெளியே எடுத்து வையுங்கள், தினமும் இரண்டு வேளை பாருங்கள். கர்ப்பத்தில் ஆகாது என்றேனே, அந்த எனாலாப்ரிலைப் பால் கொடுக்கும்போது டாக்டர் எழுதினால் சாப்பிடலாம். ஆறு வாரத்தில் ஒரு பரிசோதனை, மூன்று மாதமாகியும் பிரஷர் இறங்கவில்லை என்றால் பொது மருத்துவ டாக்டரிடம் காட்ட வேண்டும். இந்த வியாதி வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இதய நோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. அதனால் வருடத்துக்கு ஒருமுறை பிரஷர், சர்க்கரை, கொழுப்பு பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளட்டும். அடுத்த குழந்தை என்று முடிவெடுத்தால், நாள் தள்ளியதுமே டாக்டரிடம் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும், ஆஸ்பிரின் 16 வாரத்துக்கு முன் தொடங்கினால்தான் முழுப் பலன்.